நாலு விரல் தள்ளி

போன வருஷம் இலையுதிர் காலம் வரைக்கும் பெஞ்சோரின் இடுப்பைப் பார்த்தவர்கள், பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு கொடிமரத்துக்குக் கால் முளைத்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். வில்லாட்டத்தில் அம்பு இலக்கில் ஒரு தடவை பட்டால் ஒரு வண்ணத் துணித்துண்டு. அதைக் கச்சையில் செருகிக்கொள்ளலாம். பெஞ்சோருக்குச் செருக இடம் போதவில்லை. காற்றடிக்கிற நாட்களில் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க ஆளுக்கொரு கையாக இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் வில்லைக் கையில் எடுத்தாலே நூற்று நாற்பது மீட்டருக்கு அப்பால் நிற்கிற இலக்குப் பலகை தானாக ஓரடி நகர்ந்து வந்து அம்பை வாங்கிக்கொள்ளும் என்று சொல்வார்கள். அந்தப் பலகையின் அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், உயரம் இடுப்பு மட்டம். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பல் குத்துகிற குச்சி மாதிரி தெரியும்.

பிறகு பனி விழுந்தது. கூடவே பெஞ்சோரும் விழுந்தான்.

குளிர்காலத் தொடக்கத்து லோம்பா பண்டிகை ஆட்டத்தில் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை எய்தான். ஒன்றும் படவில்லை. கை விறைத்திருந்தது, கண்ணில் பனித்தூள், வயது நாற்பத்தேழு என்று எதையாவது சொல்லிவிட்டு மறந்திருக்கலாம். அவன் மறக்கவில்லை. அதைவிட மோசம், ஊரும் மறக்கவில்லை.

ஏனென்றால் பெஞ்சோர் பிறந்த ஊர் நோப்கா, வில்லெடுப்பது நோப்காவுக்காக. கல்யாணம் பண்ணிக்கொண்டு மனைவி வீட்டோடு போனதோ ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லிங்தோ. நோப்காவின் பரம்பரை எதிரி அதுதான். பகலெல்லாம் எதிரியை நோக்கி அம்பு விட்டுவிட்டு, சாயங்காலம் அதே எதிரி வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஜெயித்தவரை அந்தச் சோறு தேனாய் இறங்கியது. தோற்றபின்தான் அதில் எத்தனை மிளகாய் போடுகிறார்கள் என்று தெரிந்தது.

போதாக்குறைக்கு அவன் உத்தியோகம் மின்சார மீட்டர் பார்ப்பது. லிங்தோவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்க வேண்டும். தோற்றவன் ஒளிந்துகொள்ள உலகத்தில் இதைவிட மோசமான வேலை கிடையாது.

"வாங்க கரண்டுக்காரரே! மீட்டர் இதோ, உங்க மூக்குக்கு நேரா இருக்கு. தெரியுதா, இல்ல கையப் பிடிச்சுக் காட்டணுமா?"

"பார்த்து எழுதுங்க, பக்கத்து வீட்டு மீட்டர எழுதிடாதீங்க. உங்களுக்கு இடப்பக்கமா தள்ளிப் போற வியாதி இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

"பாவம், விடுங்கடி. மாப்பிள்ளை அம்பு விட்டா பறவைங்ககூடப் பயப்படறதில்லயாம். அம்புமேல உட்கார்ந்து சவாரி போகுதாம்."

பெஞ்சோர் தலையைக் குனிந்துகொண்டு எண்ணை எழுதுவான்.

வைத்தியமெல்லாம் பண்ணிப் பார்த்தான். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி வில்லாளிகள் மனைவியை விட்டுத் தள்ளிப் படுப்பது வழக்கம். அந்த ஒரு ராத்திரியை ஜோசியர் இருபத்தொரு ராத்திரியாக நீட்டிக் கொடுத்தார். பெஞ்சோர் கொட்டிலில் வைக்கோல் மேல் படுத்தான். இரண்டாம் நாளே மாடுகள் அவனைத் தங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. பத்தாம் நாள் அவன் மனைவி டெக்கி பால் கறக்க வந்தபோது, இருட்டில் அவன் முதுகையும் தட்டிக்கொடுத்து "நகரு" என்றாள். இருபத்திரண்டாம் நாள் போய் எய்தான். படவில்லை. வில்லைப் பெண்கள் தொடக்கூடாது என்பார்கள், யாராவது தொட்டுவிட்டார்களோ என்று டெக்கியைக் கேட்டான்.

"உன் வில்ல நான் ஏன் தொடறேன்? எனக்குச் சாணி அள்ளற வேலை இருக்கு" என்றாள்.

ஆனால் அவனை உள்ளே அரித்தது ஊர்க்கேலியும் இல்லை, மாட்டுக்கொட்டிலும் இல்லை. நாலு விரல்.

பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் எதிர்முனையில் இலக்குப் பக்கத்தில் நிற்பவன் நாம்கே. சின்ன வயதிலிருந்தே சேர்ந்து மூக்கொழுகிய சிநேகிதன். எய்தவனுக்கு அம்பு எங்கே விழுந்தது என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. அங்கே நிற்பவன்தான் சைகை காட்ட வேண்டும். பெஞ்சோர் அம்பை விடுவான், நாம்கே குனிந்து பார்ப்பான், நிமிர்வான், கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டுவான்.

"நாலே விரல்டா! இடப்பக்கம்! மயிரிழை!"

பெஞ்சோர் நாலு விரல் வலப்பக்கம் திருத்தி அடுத்ததை விடுவான்.

"அட, நாலே விரல்! இப்ப வலப்பக்கம்!"

மறுபடி இடப்பக்கம் திருத்துவான். பெஞ்சோர் நடந்து போய்ப் பார்க்கும்போது, சொன்னது போலவே பலகையிலிருந்து சரியாக நாலு விரல் தள்ளி அம்புகள் மண்ணில் சமர்த்தாக நின்றுகொண்டிருக்கும்.

டிசம்பரில் நாலு விரல். ஜனவரியில் நாலு விரல். பிப்ரவரியில் ஓடை உறைந்து மார்ச்சில் உருகியது, நாலு விரல் மட்டும் உருகவில்லை. பத்தடி தள்ளி விழுந்தால் மனிதன் "போடா" என்று வில்லை வீசிவிட்டுத் தாயம் ஆடப் போகலாம். பட்டுவிட்டால் துண்டைச் செருகலாம். இந்த நாலு விரல் இருக்கிறதே, ஒருவனை விடவும் விடாமல், பிடிக்கவும் பிடிக்காமல், நாலு மாதம் வைத்து மெல்வதற்கென்றே அளந்து செய்த தூரம். காலையில் எழுந்து வில்லைப் பார்த்தால் அவனுக்குக் கை ஏறவில்லை. பயிற்சி வாரம் மூன்று நாளிலிருந்து ஒன்றானது, ஒன்றிலிருந்து பூஜ்யம். வில் அடுப்புக்கு மேலே மிளகாய்ச் சரத்தோடு தொங்கிப் புகை குடித்தது.

ஏப்ரலில் அணித்தலைவர் ஆப் வாங்டா வீடு தேடி வந்தார். ஆள் நல்ல உயரம். நிலைப்படி இடிக்காமலிருக்கக் குனிந்து, உள்ளே வந்த பிறகும் நிமிர மறந்து, குனிந்தபடியே பேசினார்.

"வசந்த ஆட்டம் ஞாயித்துக்கிழமை. நீ வர்றே."

"வேணாம்ணே. பதிமூணு பேர்ல என்னை எடுத்துட்டு வேற யாரையாவது போடுங்க."

"போடத்தான் போறேன். இந்த ஒரு ஆட்டம் பார்க்கிறேன். ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி எடுத்துக் குடு. இல்லேன்னா என் தங்கச்சி மகன் தயாரா இருக்கான்."

பெஞ்சோருக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தில்தான் மனிதன் வாயை விடுவான். "ஒரு புள்ளி வரலேன்னா நான் இனிமே வில்லத் தொடவே மாட்டேன். இந்த அடுப்பு மேல சத்தியம்" என்றான்.

அடுப்புப் பக்கத்திலிருந்து மாமியார் தலையைத் தூக்கினாள். "நெஜமாவா மாப்பிள்ளை? அப்ப அந்த மூங்கில் எனக்கு. அவரைக்காய்க் கொடி ஏத்த ஒரு கழி கொறையுது."

அவள் கேலி பண்ணவில்லை. மறுநாள் காலையிலேயே தோட்டத்தில் ஒரு குழி தோண்டி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. பூட்டானில் அன்றைக்கு வேறெங்கும் ஆளே இல்லை என்று நினைக்கிற அளவுக்குக் கூட்டம். மைதானத்துக்கு வலப்பக்கம் ஓடை, இடப்பக்கம் மாமியாரின் கடுகு வயல். கடுகு பூத்து மஞ்சளாய்க் கிடந்தது. லிங்தோ பெண்கள் மைதான ஓரத்தில், இரண்டு முனையும் தெரிகிற இடமாகப் பார்த்து, வரிசை கட்டித் தோளில் கைபோட்டு நின்றார்கள். எதிரணி வில்லாளியைப் பாட்டாலேயே தோலுரிப்பது அவர்கள் வேலை. வரிசையின் நடுவில் டெக்கி. அவன் எப்படிக் குறட்டை விடுவான், எந்தப் பல் ஆடுகிறது, எதைக் கண்டால் பயப்படுவான் என்று எல்லாம் தெரிந்தவள், நல்ல பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, எதிரிப் படையின் நடுவில்.

பெஞ்சோர் அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். டெக்கி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

முதல் அம்பு போனது. எதிர்முனையில் நாம்கே குனிந்தான், நிமிர்ந்தான், நாலு விரல் காட்டினான்.

பெண்கள் ஆரம்பித்தார்கள்.

"மாப்பிள்ளை மாப்பிள்ளை, மாட்டோடு படுத்த மாப்பிள்ளை,
கடுகுப்பூ கொய்யத்தான் கல்யாணம் கட்டினியா?
கைநீட்டிப் பறிச்சாலே கட்டுக்கட்டா வருமே,
கணை விட்டுப் பறிக்கிறியே, கண்ணில்லையா மாப்பிள்ளை?"

மைதானம் சிரித்துக் குலுங்கியது. பெஞ்சோரின் காது கொதித்தது. கடுகு வயலா? பலகையிலிருந்து பதினைந்து அடி தள்ளி அல்லவா இருக்கிறது! கேலிப்பாட்டில் கடுகை மலையாக்குவது வழக்கம்தான், அதற்காகக் கட்டினவளே இப்படியா? அவன் நாம்கேயின் கையைத்தான் நம்பினான். நாலு விரல் திருத்தி இரண்டாவதை விட்டான். மறுபடி நாலு விரல். மறுபடி பாட்டு. இந்தத் தடவை மாமியாரும் வரிசையில் சேர்ந்துகொண்டு, "எண்ணெய் ஆட்டற கடுகுய்யா, எமனே, வேரோட கொல்லாதே" என்று தனியாக ஒரு வரி எடுத்துவிட்டாள்.

மத்தியானம் வரை இதே கதை. பெஞ்சோரின் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. பலகையில் பட வேண்டும் என்றுகூட இல்லை. ஓர் அம்பு நீளத்துக்குள் விழுந்தாலே ஒரு புள்ளி தருவார்கள். அப்படியிருந்தும் நாலு விரலுக்கு ஒன்றும் தராமல் லிங்தோக்காரர்கள் அமுக்குகிறார்கள் என்று பெஞ்சோர் பல்லைக் கடித்தான். இடைவேளையில் ஆப் வாங்டா அவனுக்கு ஒரு கிண்ணம் வெண்ணெய்த் தேநீர் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை போன திசையில் தங்கை மகன் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தான்.

பெஞ்சோர் தன் அம்புகளை எடுத்துக்கொள்ள எதிர்முனைக்கு நடந்தான். நாம்கே அவற்றைப் பிடுங்கிப் பலகைக்குப் பின்னால் குத்தி வைத்திருந்தான். ஒன்றை உருவினான். முனையில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது.

கடுகுப்பூ. பூ மட்டுமல்ல, காம்பும் இலையுமாக ஒரு முழுக் கிளை. அம்பு அதைக் குத்திக் கோத்துக்கொண்டு வந்திருந்தது.

பெஞ்சோர் பூவைப் பார்த்தான். பதினைந்து அடி தள்ளி இருந்த வயலைப் பார்த்தான். பிறகு நாம்கேயைப் பார்த்தான். நாம்கே சட்டென்று வானத்தைப் பார்த்தான்.

"டேய். நாலு விரலுக்குள்ள கடுகு எங்கடா மொளச்சுது?"

"காத்துல பறந்து வந்திருக்கும்..."

"நாம்கே."

அவன் தோள் தொங்கிவிட்டது. "நீ லோம்பா அன்னிக்கு அழுதே இல்ல, அதப் பார்க்க முடியலடா. அடுத்த நாளு ரெண்டு ஆள் நீளம் தள்ளி விழுந்துச்சு, நாலு விரல்னு சொன்னேன். உன் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் நிறுத்த முடியல. நீ நடந்து வர்றதுக்குள்ள ஓடிப்போய் அம்பப் பிடுங்கி, தொடச்சு, பலகைகிட்ட நட்டு வைப்பேன். குளிர்ல ஓடி ஓடி எனக்கு மூச்சிரைப்பே வந்துடுச்சு."

"வலப்பக்கம்னும் சொன்னியே?"

"தெனமும் ஒரே பக்கம்னா சந்தேகப்படுவேன்னுதான்..."

நாலு மாதம். இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த அம்பை வலப்பக்கம் திருத்தி, திருத்தினதை இவன் பேச்சைக் கேட்டு மறுபடி இடப்பக்கம் திருப்பி, இல்லாத பிழையைத் துரத்தி, இருக்கிற பிழையைத் தடவி வளர்த்திருக்கிறான். இவனை அடிப்பதா? இவனைவிட நல்லவன் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒரு கெட்டவன் செய்திருந்தால் மூக்கில் ஒரு குத்து விட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம்.

"அப்ப நெஜமா எவ்வளவு தள்ளி விழுது?"

நாம்கே உதட்டைக் கடித்துக்கொண்டான். "நெஜம்னா... உன் பொண்டாட்டி பாட்டுல வர்றதுதான்டா."

மத்தியானத்துக்கு மேல் பெஞ்சோர் மறுபடி வந்து நின்றான். நாம்கேயைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கச் சொல்லியிருந்தான். மனதில் தைரியம் என்று ஒன்றும் இல்லை. தண்ணீரில் விழுந்து நீந்தத் தெரியாதவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பது மாதிரி, அவன் பிடிப்பதற்கு அந்தப் பாட்டு மட்டும்தான் இருந்தது. இத்தனை நாளாக வில்லைத் தொடாமல் மறந்துபோன கை. நாற்பத்தேழு வயசுத் தோள். கண்ணுக்கு முன்னால் ஒரு பல்குத்துகிற குச்சி.

எய்தான். டெக்கி பாடினாள்.

"வயல்தாண்டி வந்தானே, வரப்போரம் நிக்கிறானே,
வரப்பில இருக்கும் எங்க எலியோடகூடக் கல்யாணமா?"

வரப்பு. அப்படியானால் வயலை விட்டு வெளியே வந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு அடி. அவன் தோளை வலப்பக்கம் திருப்பினான். திருப்பத் திருப்ப இலக்கை விட்டு எங்கேயோ ஓடையைப் பார்த்து எய்கிற மாதிரி இருந்தது. பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. விட்டான்.

"எங்கம்மா சாணிக்குழி எட்டடியில் இருக்குதே,
எருவுக்கு அம்பு போட்ட ஏழைப்பங்காளா, வா!"

எட்டடி. இன்னும். அடுத்த சுற்று. அதில் ஒரு அம்பு காற்றில் திரும்பி மறுபடி வயலுக்கே போய், மாமியார் தலையிலடித்துக்கொண்டாள். மறு அம்புக்கு, பலகைக்கு நாலடி தள்ளி நின்று கேலிக்கு ஆடிக்கொண்டிருந்த லிங்தோ ஆண்களின் செருப்பு பாட்டில் வந்தது. நாலடி. கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. நோப்காவின் மற்றவர்களும் அன்றைக்கு ஒன்றும் கிழிக்கவில்லை. ஆட்டம் கையை விட்டு என்றைக்கோ போயிருந்தது. அவனுக்கு மிச்சம் ஒரே அம்பு.

தோட்டத்தில் தோண்டிய குழி ஞாபகம் வந்தது. வில்லை இழுத்தான். தோள் வலித்தது. சரியாக இழுத்தானா என்றே அவனுக்குத் தெரியவில்லை. விரல் தானாக நழுவி அம்பு போய்விட்டது.

பெண்கள் மூச்சை இழுத்தார்கள். டெக்கி, "மாப்பிள்ளை மாப்பிள்ளை..." என்று எடுத்தாள்.

அதற்கு மேல் பாட்டு வரவில்லை.

லிங்தோப் பெண்கள் வரிசை முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. அந்தப் பள்ளத்தாக்கு உண்டான நாளிலிருந்து லிங்தோப் பெண்கள் அத்தனை நேரம் பேசாமல் இருந்ததில்லை. எதிர்முனையில் எதிரணிக்காரர்கள் குனிந்து ஓர் அம்பை வைத்து அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். ஒருவன் வேண்டாவெறுப்பாக ஒரு விரலைத் தூக்கினான்.

பலகையில் படவில்லை, துண்டு இல்லை. ஓர் அம்பு நீளத்துக்குள். ஒரு புள்ளி.

நோப்கா படுதோல்வி. ஆப் வாங்டா வந்து, "ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்தபடியே போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் டெக்கி பக்கத்தில் வந்தாள். பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கடைசி அம்புக்கு ஏன் பாடல?" என்று கேட்டான்.

"திட்டறதுக்கு ஒண்ணும் கெடைக்கல. இல்லாததச் சொல்லித் திட்ட எனக்குத் தெரியாது."



"குளிர்காலம் முழுக்க நீ மைதானத்துப் பக்கமே வரல" என்றான்.

"நீதான் கூப்பிடல. மாட்டுக்கொட்டில்ல போய்ப் படுத்துக்கிட்டே."

வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழியை மண் போட்டு மூடினாள். அவரைக்கு வேறு கழி பார்க்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பெஞ்சோர் மைதானத்துக்குப் போனான். உடம்பெல்லாம் வலி. நேற்று விழுந்தது கையால் விழுந்ததா, காற்றால் விழுந்ததா என்று அவனுக்கே தெரியாது. எதிர்முனையில் நாம்கே. வரப்பில் மாட்டை மேயவிட்டு டெக்கி உட்கார்ந்திருந்தாள்.

பெஞ்சோர் எய்தான்.

நாம்கே குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். பழக்கத்தில் கை மேலே போய் நாலு விரல் விரியப் பார்த்தது. டெக்கி வரப்பிலிருந்து ஒரு செருமல் செருமினாள். நாம்கே கையை இறக்கினான். இரண்டு கையையும் பக்கவாட்டில் முடிந்த மட்டும் விரித்தான். போதவில்லை. அப்படியே நகர்ந்து போய் மறுபடி விரித்தான். அதுவும் போதவில்லை. விரித்த கையோடு வயலை நோக்கி நடக்க ஆரம்பித்தான். நடந்துகொண்டே இருந்தான்.

டெக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சோர் வலிக்கிற தோளை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்த அம்பை எடுத்தான்.